அதிர்வைக் கண்டுபிடிப்பவருக்கே அடுத்த வேலை!

கொடைக்கானல் ஏரியை ஒரு சுற்று சுற்றினால் சுமார் 5 கி.மீ. வழியெல்லாம் வாடகை சைக்கிள்கள். பஞ்சர் ஒட்டவும், பிரேக் டைட் வைக்கவும், செயின் மாட்டவும் அங்கே எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்த வேலைக்கு யாரும் கூடுதலாகக் கொடுக்க மாட்டார்கள். கியர் சைக்கிள் ஷோரூம் வேலையோ, சொந்தக் கடையோ, எது உங்கள் டார்கெட் ஆனாலும் பக்கத்துக் கடையில் இல்லாத ஒரு திறமை உங்கள் கையில் இருக்க வேண்டும். சைக்கிளை மாட்டி நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் இண்டோர் ட்ரெய்னர் அப்படி ஒரு வாய்ப்பு.

ஐப்பசி, கார்த்திகையில் மழையும் பனிமூட்டமும் மலைப்பாதையை மூடினால், வத்தலக்குண்டு ரோட்டில் ஏறிப் பழகும் ரைடருக்கு வீட்டுக்குள் ட்ரெய்னர்தான் கதி. அங்கே அவரைத் துரத்தும் தொல்லை அதிர்வு. அதைப் பிடிக்க ஏழு படிகள்:

1. முதலில் கேளுங்கள்: ஸ்பேனர் பிறகு. "எந்த வேகத்தில் அதிருது? மிதிக்கும்போது மட்டுமா? ரோட்டிலும் உண்டா?" ரோட்டிலும் உண்டென்றால் சைக்கிளைச் சந்தேகப்படுங்கள். ட்ரெய்னரில் மட்டும் என்றால் டயர், ரோலர், மாட்டிய விதம், தரை ஆகியவற்றைப் பாருங்கள்.

2. மிதிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள்: சக்கரம் தானாகச் சுற்றும்போதும் அதிர்வு தொடர்ந்தால் கோளாறு சக்கரம், டயர், ரோலர் பக்கம். உடனே நின்றுவிட்டால் செயின், பெடல், கிராங்க் பக்கம். அடுத்து எண்ணுங்கள். நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் கிராங்க் கோளாறு இரண்டு விநாடிக்கு மூன்று முறை தட்டும். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் 700 சி சக்கரம் விநாடிக்கு ஏறக்குறைய நான்கு முறை சுற்றும். அந்தத் தாளத்தில் தட்டினால் குற்றவாளி சக்கரமோ டயரோதான்.

3. ஸ்போக்குக்கு முன் டயர்: பட்டன் வைத்த எம்டிபி டயர் ரோலரில் உறுமத்தான் செய்யும். வழவழப்பான ஸ்லிக் டயரோ, ட்ரெய்னர் டயரோ போடச் சொல்லுங்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சக்கரத்துக்கு அரை மணி நேரம் பெண்டு எடுத்தேன். அதிர்வு போகவில்லை. ரிம்மை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோட்டை உற்றுப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. வால்வு பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு உள்ளே அமுங்கியிருந்தது. அங்கே டயர் ரிம்மில் உட்காரவே இல்லை. காற்றை இறக்கி, வால்வை உள்ளே தள்ளி, டயரைப் பிசைந்து உட்காரவைத்து மறுபடி அடித்தேன். சரியாகிவிட்டது. அந்தக் கோடு சுற்றிலும் ஒரே உயரத்தில் ஓடுகிறதா என்று அன்றிலிருந்து முதலில் பார்க்கிறேன்.

4. காற்றை அளந்து அடியுங்கள்: கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். கீழே அடித்த காற்று, மேலே வெளியழுத்தம் குறைவதால் கேஜில் சற்றுக் கூடும், குளிரில் குறையும். கட்டை விரலால் அமுக்கி முடிவு செய்யாதீர்கள். கேஜ் வைத்து, டயர் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அளவுக்குள் வையுங்கள். ரோலர் டயரைத் தொட்டபின் எத்தனை திருகு என்பதை ட்ரெய்னர் மேனுவலில் பாருங்கள். லூஸாக இருந்தால் டயர் வழுக்கும். அதிக டைட் என்றால் சூடேறித் தேயும்.

5. பிடிமானமும் தரையும்: ட்ரெய்னருடன் வந்த ஸ்டீல் ஸ்கியூவரைத்தான் மாட்ட வேண்டும். இரு பக்கக் கப்பிலும் அது நடுவில் உட்கார்ந்திருக்கிறதா? பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு மாட்டும் டைரக்ட் டிரைவ் ட்ரெய்னர் என்றால் ஆக்ஸில் அடாப்டர் பொருந்துகிறதா, கேசட் லாக்ரிங் டைட்டா என்று பாருங்கள். லாக்ரிங்குக்கு வழக்கமான அளவு 40 நியூட்டன் மீட்டர். பழைய பங்களாவின் மரத்தரை அதிர்வைப் பெருக்கிக் காட்டும். ஒருமுறை சிமென்ட் தரையில் வைத்து ஓட்டிப் பாருங்கள். நான்கு காலும் பதியட்டும், அடியில் தடித்த ரப்பர் மேட் இருக்கட்டும்.

6. ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்: டயர், காற்று, ஸ்கியூவர் மூன்றையும் சேர்த்து மாற்றினால் எது சரிசெய்தது என்று உங்களுக்கே தெரியாது. மாற்றியதும் ஓட்டுங்கள், நோட்டில் எழுதுங்கள். ஐம்பது கேஸ் சேர்ந்த நோட்டு இன்டர்வியூவில் சர்டிபிகேட்டை விட அதிகம் பேசும்.

7. வேலையைக் காட்டுங்கள்: கோளாறு இருக்கும் இடத்தில் கஸ்டமரின் விரலை வைக்கச் சொல்லுங்கள். முன்பு பார்த்த மெக்கானிக்கைக் குறை சொல்லாதீர்கள். நாளை அவரே உங்களிடம் கேஸ் அனுப்பலாம். ரேட்டை வேலைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். கோளாறைக் கண்டுபிடிப்பதற்கும் தனிக் கட்டணம் வையுங்கள். உங்கள் அறிவு இலவச இணைப்பு அல்ல.

இன்றிரவு கடையை மூடியதும் ஒரு பழைய சைக்கிளை ட்ரெய்னரில் ஏற்றுங்கள். காற்றைக் குறைத்து ஓட்டுங்கள், பட்டன் டயர் போட்டு ஓட்டுங்கள், ட்ரெய்னரின் ஒரு காலடியில் அட்டையை மடித்து வைத்து ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் அதிர்வு சீட்டில் எப்படி, ஹேண்டில்பாரில் எப்படி என்று கவனியுங்கள். பத்து இரவு இதைச் செய்தால், பதினோராம் நாள் வரும் கஸ்டமர் சொல்லி முடிப்பதற்குள் உங்கள் கை சரியான இடத்துக்குப் போயிருக்கும்.