பின்செல்லும் இடம்

இரட்சகரைப் பின்பற்றுதல் என்னுஞ் சொற்றொடர் நம் செவிகளுக்கு மிகவும் பழகிப்போயிற்று. கைமாறிக் கைமாறித் தேய்ந்த நாணயத்தில் முத்திரை மறைவதுபோல, பழகிய சொல்லில் பொருள் மறைவதும் இயல்பே. ஆதலின் அச்சொல்லை அதன் மூலபாஷையில் வைத்துச் சற்றே ஆராயப் புகுகின்றோம்.

புதிய ஏற்பாட்டிலே பின்பற்றுதலைக் குறிக்கும் கிரேக்க வினைச்சொல் ஏறக்குறைய 90 இடங்களில் வருகின்றது. அவற்றுட் பெரும்பாலானவை நான்கு சுவிசேஷங்களிலேயே உள்ளன. அச்சொல்லைப் பிரித்துப் பார்த்தால், 'உடன்' என்னும் உறுப்பும் 'வழி' என்னும் உறுப்பும் தோன்றும். ஒருவனோடு ஒரே வழியிற் செல்பவன் என்பது அதன் அடிப்பொருள். நம் தமிழிலும் 'வழிபாடு' என்பது வழியையே அடியாகக் கொண்ட சொல்லன்றோ? ஒருவர் செல்லும் நெறியிலே தானும் படுதல், அவர் வழி ஒழுகுதல் என்பது அச்சொல்லுக்கு உரிய பொருள்களில் ஒன்று. ஒரு மணி நேரம் ஆசனத்தில் அமர்ந்து எழுந்து போவதையே வழிபாடென்று நாம் வழங்கிவருவது, அச்சொல்லுக்கு நாம் இழைத்த அநீதி என்றே கூறலாம்.

இனி, அவ்வழியிற் சென்ற ஒருவனைப் பார்ப்போம். கலிலேயாக் கடலோரத்தில் வலைவீசிக்கொண்டிருந்த சீமோனையும் அவன் சகோதரனையும் ஆண்டவர் அழைத்தபோது, அவர்களுக்கு யாதொரு உபதேசத்தையும் முதலிலே போதித்தாரென்று மாற்கு எழுதவில்லை. ஓர் இடத்தையே அவர்களுக்குக் கொடுத்தார். அவ்விடம் 'எனக்குப் பின்னே' என்பது. கிரேக்கத்தில் 'ஒபீஸோ மூ' என்னும் இரண்டு சிறு சொற்கள். இவ்விரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இவை மறுபடியும் வரும்.

வந்த இடம் பிலிப்பு செசரியாவின் புறம். எர்மோன் மலையடிவாரத்தில், யோர்தானின் ஊற்றுக்கண்களில் ஒன்று புறப்படும் அப்பிரதேசத்திலே, பெரிய ஏரோது அகுஸ்து இராயனுக்குக் கோயில் எடுப்பித்திருந்தான். இராயனைத் தெய்வமாக்கிய அம்மண்ணில் நின்று, தம்மை யாரென்று எண்ணுகிறீர்கள் என ஆண்டவர் சீஷரை வினாவினார். பேதுருவின் விடை பிழையற்றது. நம் வேதபாடப் பரீட்சையாயின் முழு மதிப்பெண்ணும் கிடைத்திருக்கும். ஆனால் அவர் தாம் பாடுபட்டு மரிக்கவேண்டுமென்று சொல்லத் தொடங்கியவுடனே, அதே பேதுரு அவரைத் தனியே அழைத்துக்கொண்டுபோய்க் கடிந்துகொள்ளுகிறான். சீஷன் எங்கே நிற்கிறானென்று பாருங்கள்! குருவுக்குப் பின்னே நிற்கவேண்டியவன் முன்னே வந்து வழிமறித்து நிற்கிறான். ஆண்டவர் அவனைச் சத்துருவின் பெயரால் அழைத்துக் கடிந்தபோது வழங்கிய சொற்கள், கடலோரத்தில் வழங்கிய அவ்விரண்டு சொற்களே. 'என் கண்முன் நில்லாதே, அகன்றுபோ' என்பதாகவே இதைப் பலரும் பிரசங்கிப்பர். எனக்கோ அது முழுதும் சரியென்று தோன்றவில்லை. கடுமொழிதான், ஐயமில்லை, எனினும் அது துரத்திவிடுதல் மாத்திரமன்று, விட்டு விலகிய இடத்துக்கே மீள அனுப்புதலுமாம்.

அடுத்த வசனத்தில் ஜனக்கூட்டத்தை வரவழைத்துப் பேசும்போதும் அவ்விரு சொற்களே மூன்றாம் முறை வருகின்றன. இம்முறை அவற்றோடு சிலுவையும் சேர்ந்து வருகின்றது. சிலுவை அன்று கழுத்தில் அணியும் பொன் அன்று. கி.மு. 4இல் வாருஸ் என்னும் ரோம அதிபதி கலகஞ் செய்தாரென்று சுமார் 2,000 பேரைச் சிலுவையில் அறைவித்தானென யோசேப்பஸ் என்னும் சரித்திராசிரியர் எழுதியிருக்கிறார். கேட்டிருந்தவர்களின் தந்தையர் அதைக் கண்டவர்களாயிருக்கக் கூடும்.

அப்பால் பிரதான ஆசாரியனுடைய அரமனை முற்றம். பேதுரு அங்கே ஓடிப்போனவனல்லன், பின்சென்றவனே. ஆனால் தூரத்திலே பின்சென்றான் என்று மாற்கு குறிக்கிறார். எனக்கு இந்நிகழ்ச்சியில் மிகவும் அச்சந்தருவது அவனுடைய மறுதலிப்பன்று, அத்தூரமே. மறுதலிப்புக்கு ஒரு வேலைக்காரியின் கேள்வி வேண்டியிருந்தது. தூரத்துக்கோ ஒருவரும் வேண்டியதில்லை. நாமே நாள்தோறும் ஓரடி பின்தங்கினாற் போதும்.

அத்தூரத்தைத் தனக்குக் கிடைத்தும் வேண்டாமென்ற ஒருவரை இங்கே நினைக்கலாம். தீத்ரிக் பான்ஹோபர் என்னும் ஜெர்மன் போதகர் 1937இல் ஒரு நூல் வெளியிட்டார். அதன் பெயரே 'பின்செல்லுதல்' என்று பொருள்படும். 1939 ஜூனில் நண்பர்கள் அவரை நியூயார்க்கு நகருக்கு வரவழைத்தனர். அங்கே அவருக்கு ஆபத்தில்லை, செய்வதற்கு வேலையும் இருந்தது. தன் ஜனங்களின் சோதனைக்காலத்தில் பங்குகொள்ளாதவன் பிற்பாடு அவர்களோடு சபையைக் கட்டியெழுப்ப உரிமையற்றவன் எனக் கண்டு, ஒரு மாதம் முடியுமுன்னரே கப்பலேறித் திரும்பினார். 1945 ஏப்ரல் 9இல் பிளாசென்பூர்க்கு முகாமில் தூக்கிலிடப்பட்டார்.

பேதுருவிடம் மீள்வோம். முற்றத்தில் அவன் குளிர்காய்ந்தது கரிநெருப்பருகே. அக்கரிநெருப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடங்களில் உண்டு. இரண்டும் யோவான் எழுதியவை. ஒன்று அம்முற்றம், மற்றொன்று உயிர்த்தெழுந்த ஆண்டவர் கடற்கரையில் மீனும் அப்பமும் ஆயத்தஞ்செய்து வைத்திருந்த காலைவேளை. மூன்று முறை மறுத்தவனை மூன்று முறை வினாவுகிறார். அவன் முதுமையில் எவ்வித மரணம் அடைவானென்பதையுங் குறிப்பிட்ட பின்பு, பின்பற்றும்படி மறுபடியும் அழைக்கிறார். அப்பொழுதும் பேதுரு பேதுருவே! திரும்பிப் பார்த்து, பின்னால் வருகின்ற மற்றச் சீஷனைக் காட்டி, இவன் காரியம் என்னவென்று கேட்கிறான். வகுப்பில் விடைத்தாளைப் பெற்றவுடன் பக்கத்து மாணவனின் தாளை எட்டிப் பார்க்கும் நமக்கு அக்கேள்வி அந்நியமன்று. அவன் காரியம் உனக்கென்ன என்பதே அவனுக்குக் கிடைத்த விடை.

பேதுருவின் பெயரால் வழங்கும் முதலாம் நிருபத்திலே, கிறிஸ்து தம் அடிச்சுவடுகளில் நாம் நடக்கும்படி ஒரு மாதிரியை விட்டுச்சென்றார் என்னும் கருத்து வருகின்றது. அங்கே மாதிரி என்பதற்கு நின்ற கிரேக்கச் சொல் பள்ளிக்கூடத்துச் சொல். எழுத்துப் பழகும் பிள்ளை பார்த்தெழுதும்படி ஆசிரியர் முதலில் எழுதிக் கொடுக்கும் வரியை அது குறிக்கும். நம் திண்ணைப் பள்ளிகளில் மேல்வரிச்சட்டம் என்று சொல்லிவந்தது இதுவே. மணலில் அண்ணாவி எழுதிய அகரத்தின்மேல் பிள்ளை விரலை வைத்து இழுப்பான். விரல் கோணி வெளியே ஓடும். அவர் அழித்து மறுபடியும் எழுதிக் கொடுப்பார். கடலோரத்திலும், செசரியாவிலும், மறுபடி கடலோரத்திலுமாகப் பேதுருவுக்கு அப்படியே எழுதிக் கொடுக்கப்பட்டது.