கூண்டில் நிற்பவரும் ‘நீங்கள்’தான்

அன்புள்ள கயல்,

மாதிரி நீதிமன்றப் போட்டியில் “மை லார்ட்” என்பதா, “யுவர் ஆனர்” என்பதா என்று கேட்டிருந்தாய். உயர் நீதிமன்றங்களிலும் உச்ச நீதிமன்றத்திலும் “யுவர் ஆனர்” போதும் என்று இந்திய பார் கவுன்சில் 2006-லேயே விதி வகுத்துவிட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கே. சந்துரு, தன்னை “மை லார்ட்” என்று அழைக்க வேண்டாம் என்றே கேட்டுக்கொண்டார். ஆனால் 2021-இல் ஒரு சட்ட மாணவர் உச்ச நீதிமன்றத்தில் “யுவர் ஆனர்” என்று சொல்லப்போய், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தை நினைத்துக்கொண்டு பேசுகிறீர்களா என்ற கேள்வியை வாங்கிக்கொண்டார். விதி ஒரு பக்கம், வழக்கம் ஒரு பக்கம். அந்தந்த மன்றத்தில் மற்றவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று பார்த்துப் பேசு.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் “கற்றறிந்த நண்பர்”. அவரிடம் நேராகச் சண்டை போடாமல் நீதிபதியைப் பார்த்தே பேசுவதால், மோதல் வழக்கோடு நின்றுவிடும். “மிகுந்த மரியாதையுடன்” என்று ஒருவர் தொடங்கினால் பலமாக மறுக்கப்போகிறார் என்று தெரிந்துகொள். இதெல்லாம் ஆறு மாதத்தில் பழகிவிடும்.

நீ கவனிக்க வேண்டிய இடம் சாட்சிக் கூண்டு. தாசில்தார் ஏறினால் “நீங்கள்”, கூலிக்காரர் ஏறினால் “நீ” என்று சட்டென மாறும் நாக்குகளை அங்கே கேட்பாய். அந்த “நீ” எங்கும் பதிவாவதில்லை என்பதுதான் கொடுமை. நம் விசாரணை நீதிமன்றங்களில் சாட்சியத்தைப் பெரும்பாலும் கேள்வி பதிலாக எழுதுவதில்லை. சாட்சியே தொடர்ந்து சொல்லிக்கொண்டு போனதுபோல எழுதுவார்கள். அதட்டலும் கிண்டலும் தாளில் ஏறாது. மேல்முறையீட்டில் படிப்பவர் கண்ணில் படுவது, “நான் பொய் சாட்சி சொல்கிறேன் என்றால் சரியல்ல” என்று சாட்சி மறுத்த ஒரு வரி மட்டுமே.

அந்த வரியைச் சடங்கு என்று ஒதுக்கிவிடாதே. “நீங்கள் சம்பவ இடத்தில் இல்லவே இல்லை என்கிறேன்” என்று முகத்துக்கு நேரே சொல்லி, மறுக்க இடம் கொடுப்பது குறுக்கு விசாரணை செய்பவரின் கடமை. 1893-இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை பிரௌன் எதிர் டன் வழக்கில் வலியுறுத்தியது இதைத்தான். கேட்கக் கடுமையாக இருந்தாலும் இது மரியாதை. கூண்டில் சாட்சியிடம் இனிக்க இனிக்கப் பேசி அனுப்பிவிட்டு, அவர் இல்லாத நேரத்தில் வாதத்தில் பொய்யர் என்பதுதான் அவமதிப்பு.

அவமதிக்கவோ எரிச்சலூட்டவோ கேட்கும் கேள்வியை நீதிமன்றம் தடுக்க வேண்டும் என்று 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டமே சொன்னது. 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த சட்டத்திலும் அது இருக்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-இன் போக்சோ சட்டத்தின்படி, குழந்தையிடம் வழக்கறிஞர் நேரடியாகக் கேட்கவே முடியாது; கேள்வியை நீதிபதியிடம் கொடுத்தால் அவர் கேட்பார்.

மற்ற வழக்குகளில், நீதிபதி குனிந்து எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் நீதான் எழுந்து ஆட்சேபிக்க வேண்டும். அதோடு, அந்தக் கேள்வியையும் பதிலையும் அப்படியே பதிவுசெய்யும்படி கேள். அதற்கு நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. எழுத்தில் ஏறப்போகிறது என்றதும், கேட்டவரே பெரும்பாலும் கேள்வியை மாற்றிக்கொள்வார்.

அன்புடன்,
சித்தப்பா