லைன் அறுந்து போவது வீட்டுக்குள்ளா, வெளியிலா?

இந்த முறை பாடம் ரூட்டரைப் பற்றியது.

சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே, ரப்பர் போய் செம்பனை வந்துவிட்ட ஒரு பழைய தோட்டத்தில் என் சித்தி குடும்பம் இருக்கிறது. தம்பி இந்த ஆண்டு எஸ்.பி.எம். எழுதுகிறான். நம் தொண்டர்கள் இரவில் இணையம் வழி நடத்தும் இலவசக் கணித வகுப்புதான் அவனுக்கு டியூஷன். பத்து நிமிடத்திற்கு ஒருமுறை லைன் அறுந்து போகும். "அண்ணே, நான் திரும்ப உள்ள வர்றதுக்குள்ள கணக்கு முடிஞ்சிடுது. இனிமே வகுப்பே வேணாம்ணே" என்றான். சனிக்கிழமை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

அங்கே ஃபைபர் கிடையாது. சிம் அட்டை போட்ட 4ஜி ரூட்டர்தான். சாமி மேடையில், பித்தளைக் குத்துவிளக்குக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். ஈப்போவில் எங்கள் தாமான் வீட்டிலும் ஒரு காலத்தில் இதே தொல்லை. வரிசை வீடுகளில் எல்லார் வைஃபையும் ஒன்றோடொன்று மோதும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. சேனலை மாற்றினேன், சரியாகிவிட்டது. அதே மருந்தை இங்கேயும் கொடுத்து ஒரு மணி நேரத்தை வீணாக்கினேன். சுற்றிலும் இருந்ததே இரண்டு வைஃபைதான்! மோதுவதற்கு யார் இருக்கிறார்கள்?

அதன்பிறகுதான் முதலில் செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். கணினியில் கமாண்ட் புரோம்ப்ட் சாளரம் இரண்டைத் திறந்தேன். ஒன்றில் ரூட்டரின் முகவரிக்குப் பிங். அந்த முகவரி ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும், பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1. இன்னொன்றில் கூகுளின் 8.8.8.8 என்ற முகவரிக்குப் பிங். கட்டளையின் கடைசியில் ஒரு சிறு கோடும் ஆங்கில டி எழுத்தும் சேர்த்தால் நிற்காமல் ஓடும். லைன் போகிற நேரத்தில் இரண்டும் நின்றால் கோளாறு வைஃபையில். ரூட்டர் பதில் சொல்லிக்கொண்டே இருக்க, 8.8.8.8 மட்டும் நின்றால் கோளாறு ரூட்டருக்கு வெளியே.

கால் மணி நேரம் பார்த்தோம். ரூட்டர் 3 மில்லிசெகண்டில் பதில் சொல்லிக்கொண்டே இருந்தது. வெளிப்பக்கம் இரண்டு முறை செத்தது. வைஃபைமேல் பழி இல்லை.

அடுத்து, அதே முகவரியை உலாவியில் தட்டி ரூட்டருக்குள் நுழைந்தோம். எதையும் தொடும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குழப்பிவிட்டால் திரும்பிப் போக வழி வேண்டும். கடவுச்சொல் இன்னும் கடையில் வந்ததேதான் என்றால் அதையும் அன்றே மாற்றிவிடுங்கள்.

சிக்னல் பக்கத்தில் இரண்டு எண்கள் முக்கியம். ஆர்.எஸ்.ஆர்.பி. என்பது கோபுரத்திலிருந்து வரும் அலையின் பலம். கழித்தல் 80 என்றால் நல்லது, கழித்தல் 110-க்குக் கீழே போனால் சிரமம். எஸ்.ஐ.என்.ஆர். என்பது இரைச்சலோடு ஒப்பிட்டால் சிக்னல் எவ்வளவு தெளிவு என்பது. பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் இருந்தால் பேச்சு உடையும். விளக்குக்குப் பின்னால் ஆர்.எஸ்.ஆர்.பி. கழித்தல் 112. தகரக் கூரையும் பித்தளையும் அலையைத் தடுக்கும், திருப்பி அடிக்கும். நீளமான ஒயரில் ரூட்டரைக் கட்டி வீடு முழுக்க நடந்தோம். ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிமிடம் நின்று, தம்பி எண்ணை எழுதினான். சமையலறைச் சன்னலில் கழித்தல் 98. பதினான்கு புள்ளிதானே என்று நினைக்காதீர்கள். இது டெசிபல் கணக்கு. 3 கூடினாலே பலம் இரு மடங்கு, 14 என்றால் ஏறக்குறைய 25 மடங்கு. தம்பிக்கு அங்கேயே மடக்கைப் பாடமும் நடந்தது.

இருந்தும் ஒருமுறை அறுந்தது. அந்த நேரம் பார்த்தால் ரூட்டர் 2600 மெகாஹெர்ட்ஸுக்குத் தாவி, பிடிக்க முடியாமல் 1800-க்குத் திரும்பியிருந்தது. அலைவரிசைத் தேர்வு 'தானியங்கி' என்று இருந்ததால் வந்த வினை. அதிர்வெண் கூடக் கூட, மரங்களைத் தாண்டி வருவது கடினம். நனைந்த செம்பனை மட்டை என்றால் இன்னும் மோசம். 1800-ஐ மட்டும், அதாவது பேண்ட் 3-ஐ மட்டும் விட்டு மற்றதை அணைத்தோம். எல்லா ரூட்டரிலும் இந்த அமைப்பு திறந்திருக்காது. அப்படிப் பூட்டிய பிறகு என்றாவது சிக்னலே வராவிட்டால் முதல் வேலையாகத் 'தானியங்கி'க்கே திருப்புங்கள். பழைய ரூட்டர் வைத்திருப்பவர்கள் '4ஜி மட்டும்' என்று போட்டுவிடலாம். நம் நாட்டில் 3ஜி 2021 இறுதியோடு மூடப்பட்டுவிட்டது.

இரவு வகுப்பில் ஒரே ஒரு தடவை குரல் இழுத்தது. பிங் 40-லிருந்து 900-க்குப் போயிருந்தது. சித்தப்பாவின் கைப்பேசி அன்றைய படங்களையெல்லாம் மேகச் சேமிப்பில் ஏற்றிக்கொண்டிருந்தது. ஏற்றும் பாதை குறுகலானது, ஒருவர் அடைத்தால் எல்லாரும் காத்திருக்க வேண்டும். தானாக ஏற்றுவதை நிறுத்தினோம்.

இவ்வளவு செய்தும் தினமும் இரவு எட்டு மணிக்கு மேல் மட்டும் மெதுவாகிறது என்றால் அது கோபுர நெரிசல். எந்த அமைப்பும் அதைத் தீர்க்காது. ஒரு வாரம் நேரம், பிங், ஆர்.எஸ்.ஆர்.பி. மூன்றையும் எழுதி நிறுவனத்திடம் புகார் கொடுங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்துக்குப் போகலாம். "லைன் சரியில்ல" என்று மட்டும் சொன்னால் ரூட்டரை அணைத்துப் போடச் சொல்லி முடித்துவிடுவார்கள்.

தம்பி அன்று கடைசிவரை வகுப்பில் இருந்தான். ரூட்டரைச் சாமி மேடையிலிருந்து எடுத்ததில் பாட்டிக்குத்தான் வருத்தம். சன்னலில் வைத்து அதற்கும் விபூதி பூசியிருக்கிறார். காற்றோட்டத் துளைகளில் மட்டும் வேண்டாம் பாட்டி என்று சொல்லிவிட்டு வந்தேன்.