இரை மீன் வலையும் சட்டமும்: அமெரிக்கப் பேரேரிகள் தரும் பாடம்

மீனைப் பிடிக்க வலையோ தூண்டிலோ வேண்டும் என்பதை யாவரும் அறிவர். பெரிய மீனைப் பிடிக்கச் சிறிய மீனே கருவியாகிறது என்பதும் ஏரிக்கரைகளில் வாழ்கின்றவர்களுக்குப் புதிய செய்தியன்று. வரால் பிடிக்கச் செல்கிறவர் மண்புழுவோடு நில்லாமல், உயிருள்ள சிறு கெண்டையையோ சிறு தவளையையோ தூண்டில் முள்ளில் கோத்து நீரில் விடுவதை நம் கிராமங்களில் காண்கிறோம். இவ்வாறு இரையாகப் பயன்படும் சிறு மீனை எந்த வலையால் பிடிக்கலாம், எந்த நீரில் பிடிக்கலாம், பிடித்ததை எங்கே கொண்டு செல்லலாம் என்னும் கேள்விகள் அற்பமானவையாகத் தோன்றக்கூடும். ஆனால் ஐக்கிய அமெரிக்க நாடுகளில் 2006-ஆம் ஆண்டு முதல் இந்தக் கேள்விகளுக்காகவே சட்டங்கள் திருத்தப்பட்டன. அத்திருத்தங்கள் ஏன் வந்தன, மக்கள் அவற்றை எவ்வாறு ஏற்றனர் என்பதைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் அறிந்துகொள்வது பயன் தரும் எனக் கருதி, அவ்வரலாற்றை இங்கே விளக்க முற்படுகிறோம்.

பேரேரிகளும் தூண்டில்காரர்களும்

வட அமெரிக்காவில் சுப்பீரியர், மிச்சிகன், ஹியூரான், ஈரி, ஒண்டாரியோ என்னும் ஐந்து பேரேரிகள் உள்ளன. இவற்றின் மொத்தப் பரப்பு ஏறக்குறைய 2,44,000 சதுர கிலோமீட்டர். அதாவது நம் தமிழ்நாட்டின் பரப்பைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. உலகத்தின் நிலப்பரப்பின் மேலுள்ள நன்னீரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்த ஏரிகளில் அடங்கியிருக்கிறது. எட்டு அமெரிக்க மாநிலங்களும், கனடாவின் ஒண்டாரியோ மாகாணமும் இவற்றின் கரைகளில் அமைந்துள்ளன.

இக்கரைகளில் தூண்டில் போடுவது பலருக்குப் பொழுதுபோக்கு. கரையூர்களில் வாழும் வேறு பலருக்கோ அது பிழைப்பின் ஆதாரம். படகு வாடகைக்கு விடுகிறவர், விடுதி நடத்துகிறவர், தூண்டில் சாமான் விற்கிறவர் ஆகிய அனைவரும் மீன் வளத்தை நம்பியே வாழ்கின்றனர். அவர்களுள் இரை மீன் வியாபாரிகளும் அடங்குவர். எமரால்டு ஷைனர் போன்ற விரல் நீளச் சிறு மீன்களை ஏரிகளிலும் ஓடைகளிலும் வலை வீசிப் பிடித்து, தொட்டிகளில் உயிரோடு வைத்து விற்பது அவர்கள் தொழில். ஆர்க்கன்ஸாஸ் போன்ற மாநிலங்களில் இரை மீன்களைக் குளங்களில் வளர்த்து, லாரிகளில் நெடுந்தூரம் அனுப்பும் பண்ணைகளும் உண்டு. ஆகவே, இரை மீனும் ஒரு விளைபொருளே.

பழைய விதிகள்: வலையின் அளவு

இரை மீன் வலைக்கு அந்நாட்டு மாநிலங்கள் நெடுங்காலமாகவே விதிகளை வகுத்திருந்தன. அவ்விதிகளின் நோக்கத்தை நாம் கருத்தூன்றி அறிய வேண்டும். உணவு மீன் பிடிக்கும் வலைக்குச் சட்டம் கண்ணளவை வரையறுக்கிறது. கண் மிகச் சிறியதாக இருந்தால் குஞ்சுகள் சிக்கி அழியும் என்பதே அதற்குக் காரணம். இரை மீனுக்கு இந்த முறை பொருந்தாது. பிடிக்கப்பட வேண்டிய மீனே விரல் நீளந்தான். ஆதலின் வலைக்கண் சிறியதாக இருந்தே தீரவேண்டும். சிறு கண் வலையை அனுமதித்தால் பெரிய இன மீன்களின் குஞ்சுகளும் அதில் சிக்குமே என்னும் அச்சமோ நியாயமானது.

இந்தச் சிக்கலைத் தீர்க்கவே, கண்ணளவுக்குப் பதிலாக வலையின் முழு அளவைச் சட்டம் கட்டுப்படுத்தியது. உதாரணமாக, நியூயார்க் மாநிலத்தில் தனி உரிமம் இல்லாதவர் இரை மீன் பிடிக்கப் பயன்படுத்தும் இழுவலையின் பரப்பு 36 சதுர அடிக்கு மேற்படலாகாது. நீரில் வைக்கும் மீன் கூட்டின் நீளம் 20 அங்குலத்துக்கு மேற்படலாகாது. சிறு வலையால் ஒருவர் தம் தேவைக்கு வேண்டிய அளவு மட்டுமே பிடிக்க முடியும்; ஓடையை அடியோடு அரித்து வாரிவிட முடியாது. வேறு சில மாநிலங்கள் இரை மீன் வலையின் கண் இன்ன அளவுக்கு மேல் பெரிதாக இருக்கலாகாது என்றும் விதித்தன. இரை மீனின் பெயரைச் சொல்லிக்கொண்டு பெரிய மீனைப் பிடிக்கும் வழியை அது அடைத்தது.

இவ்விதிகள் யாவும் எத்தனை மீன் பிடிக்கலாம் என்பதைப் பற்றியவை. பிடித்த மீன் அதன் பிறகு எங்கே செல்கிறது என்பதை அவை பெரிதாகக் கவனிக்கவில்லை. ஓர் ஓடையில் பிடித்த இரை மீனை வாளியில் இட்டு, காரில் ஏற்றி, ஐம்பது மைல் தொலைவிலுள்ள ஏரிக்குக் கொண்டு செல்வது சாதாரண வழக்கமாக இருந்தது. பொழுது சாய்ந்ததும், மிஞ்சிய மீனை வாளித் தண்ணீரோடு ஏரியிலேயே கொட்டிவிடுவதும் வழக்கமாக இருந்தது. உயிருள்ள மீனைக் கொல்லாமல் விட்டோம் என்ற மனநிறைவோடு பலர் வீடு திரும்பினர்.

நோயின் வருகை

2005-ஆம் ஆண்டில் ஒண்டாரியோ ஏரியின் குவின்டே விரிகுடாவில் மீன்கள் கூட்டங்கூட்டமாக இறந்து மிதந்தன. வி.எச்.எஸ். என்று சுருக்கமாக அழைக்கப்படும் இரத்தக்கசிவு நோயே காரணம் எனச் சோதனையில் தெரிந்தது. ஒரு வைரஸ் கிருமியால் உண்டாகும் இந்நோய், ஐரோப்பாவின் டிரவுட் மீன் பண்ணைகளில் பல பத்தாண்டுகளாகவே பெருநஷ்டம் விளைவித்து வந்ததாகும். செயின்ட் கிளேர் ஏரியில் 2003-ஆம் ஆண்டிலேயே பிடித்துப் பாதுகாக்கப்பட்டிருந்த ஒரு மஸ்கெலஞ்ச் மீனிலும் இக்கிருமி இருந்தது பின்னர் வெளிப்பட்டது. 2006-இல் மேலும் பல நீர்நிலைகளில் மீன்கள் மடிந்தன.

இக்கிருமி மீனின் இரத்தக் குழாய்களைத் தாக்கிச் சிதைக்கிறது. தோலிலும், கண்ணிலும், உள்ளுறுப்புகளிலும் இரத்தம் கசிகிறது. நோயுற்ற மீனின் சிறுநீர் வழியாகக் கிருமி நீரில் கலந்து, பிற மீன்களைப் பற்றுகிறது. நோயுற்ற சிறு மீனைத் தின்னும் பெரிய மீனுக்கும் நோய் தொற்றலாம். நோயிலிருந்து பிழைத்த மீன், பார்வைக்கு நலமாகத் தோன்றினாலும், கிருமியைச் சுமந்து திரியக்கூடும். மனிதருக்கு இதனால் தீங்கில்லை. ஆனால் நீரில் வாழும் பல இன மீன்களை இது தாக்கவல்லது. அவற்றுள் எமரால்டு ஷைனரும் ஒன்று.

இப்போது தூண்டில்காரரின் வாளியை நினைத்துப் பாருங்கள். நலமாகத் தோன்றும் சிறு மீனும், அது நீந்திய தண்ணீரும் அதில் உள்ளன. அவ்வாளி ஒரு நீர்நிலையிலிருந்து மற்றொரு நீர்நிலைக்குச் செல்கிறது. ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் என்பார்களே, அவ்வாறே நோயற்ற ஓர் ஏரிக்கு ஒரு வாளி போதும். 2007 மே மாதத்தில் விஸ்கான்சின் மாநிலத்தின் வின்னிபாகோ ஏரித் தொகுதியிலும் நோய் கண்டபோது, உள்நாட்டு ஏரிகளும் தப்பாது என்பது தெளிவாயிற்று.

சட்டம் திசை மாறியது

2006 அக்டோபரில் அமெரிக்க மத்திய விவசாய இலாகா ஓர் அவசர உத்தரவு பிறப்பித்தது. பேரேரிகளை ஒட்டிய எட்டு மாநிலங்களிலிருந்து, இந்நோய் தொற்றக்கூடிய இனங்களின் உயிர் மீன்கள் பிற மாநிலங்களுக்குச் செல்வது அதனால் கட்டுப்படுத்தப்பட்டது. அதைத் தொடர்ந்து மாநிலங்கள் தத்தம் விதிகளைத் திருத்தின. அத்திருத்தங்களின் சாரம் மூன்று அம்சங்களில் அடங்கும்.

முதலாவது: தம் சொந்த வலையால் பிடித்த இரை மீனை, பிடித்த நீர்நிலையிலேயே பயன்படுத்த வேண்டும். நியூயார்க் மாநிலம் இத்தகைய மீனை மோட்டார் வாகனத்தில் ஏற்றிச் செல்வதையே தடுத்தது.

இரண்டாவது: வேறிடத்திற்குக் கொண்டு செல்லும் இரை மீன், நோயற்றது என்று பரிசோதனையில் சான்று பெற்றதாக இருக்க வேண்டும். வாங்கியவர் ரசீதைக் கையில் வைத்திருக்க வேண்டும். நியூயார்க்கில் அந்த ரசீது பத்து நாட்களுக்குச் செல்லும் என வகுக்கப்பட்டது.

மூன்றாவது: நீர்நிலையை விட்டுப் புறப்படும்போது படகிலும் வாளியிலும் உள்ள தண்ணீரை வடித்துவிட வேண்டும், மிஞ்சிய இரை மீனை நீரில் விடலாகாது.

ஆக, முன்னர் வலையின் அளவை அளந்த சட்டம், இப்போது வாளியின் பயணத்தை அளக்கத் தொடங்கியது. வலை மாறவில்லை, அதைப் பற்றிய கேள்வி மாறிற்று.

எதிர்ப்பும் திருத்தமும்

இம்மாறுதலை எல்லோரும் உவந்து ஏற்றனர் என்று சொல்வதற்கில்லை. வீட்டுப் பின்புற ஓடையில் சிறு வலையால் பிடித்துக்கொண்டிருந்தவர், இனி கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டியவரானார். சிறு வியாபாரியின் கஷ்டம் அதனினும் பெரிது. கிருமி உண்டா, இல்லையா என்று ஆய்வுக்கூடத்தில் உயிரணுக்களை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு ஏறக்குறைய நான்கு வாரங்கள் ஆகும். அதுவரையில் மீனைத் தொட்டியில் உயிரோடு காக்க வேண்டும். சோதனைச் செலவையும் ஏற்க வேண்டும். பெரிய பண்ணைக்கு இது இயலும். ஒற்றை ஆளாகத் தொழில் செய்பவருக்கு எளிதன்று. நோயைப் பரப்பாதவரும் நோயின் பொருட்டுத் தண்டனை அனுபவிப்பது முறையா என்ற கேள்வியை நாம் ஒதுக்கிவிட முடியாது.

இக்கேள்விக்கு விடையாகச் சட்டம் காலப்போக்கில் பண்படுத்தப்பட்டது. ஈரி ஏரி, நயாகரா ஆறு, ஹட்ஸன் ஆறு போன்ற சில நீர்வழிகளை ஒட்டி நியூயார்க் மாநிலம் குறிப்பிட்ட எல்லைகளை வகுத்தது. அந்த எல்லைக்குள் பிடித்த இரை மீனை, அந்த எல்லைக்குள்ளேயே வாகனத்தில் கொண்டு செல்லலாம் என அனுமதித்தது. ஒன்றோடொன்று இணைந்து ஓடும் நீரில், மீன் தானாகவே சென்றடையும் இடத்திற்கு மனிதன் கொண்டு செல்வதால் புதிய தீங்கு பெரிதாக நேர்ந்துவிடாது என்பது இதன் தத்துவம். மாநிலங்களின் விதிகள் நிலைபெற்ற பிறகு, 2014-இல் மத்திய அரசாங்கத்தின் உத்தரவு விலக்கிக்கொள்ளப்பட்டது. அவசரத்தில் பிறந்த விதியை நிலைமைக்கேற்பத் தளர்த்துவதும் நல்ல நிர்வாகத்தின் இலக்கணமே.

நமக்கு உரிய பாடம்

இந்நோய் குளிர்ந்த நீருக்கு உரியது. வெப்பமான நம் ஏரிகளில் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் நோய் பரவிய வழி நமக்கு அந்நியமானதன்று. 1988-ஆம் ஆண்டில் இந்தியாவின் வடகிழக்குப் பகுதிகளில் தோன்றிய மீன் புண் நோய், சில ஆண்டுகளில் நாட்டின் பல பகுதிகளுக்கும் பரவி, வரால் முதலிய மீன்களை உடலெங்கும் புண்ணாக்கி அழித்தது. 1990-களில் வெள்ளைப்புள்ளி நோய் நம் கடற்கரை இறால் பண்ணைகளைப் பாழாக்கியது. நோயுற்ற இறால் குஞ்சுகளை இருப்புச் செய்தது அது பரவியதற்கு ஒரு முக்கியக் காரணம். நோய் மட்டுமன்று, வேண்டாத மீனும் இவ்வாறே வருகிறது. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலேப்பியா இன்று நம் ஏரிகளில் நிறைந்து கிடக்கிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பு தடை செய்யப்பட்டதாகும். கண்ணாடித் தொட்டிகளுக்காக வாங்கப்பட்ட தென் அமெரிக்கச் சப்பைவாய்க் கெளுத்தி, பின்னர் நீர்நிலைகளில் விடப்பட்டுப் பெருகியுள்ளது.

ஆகவே, ஏரியிலோ குளத்திலோ மீன் வளர்ப்போர் சில ஒழுங்குகளைக் கைக்கொள்ளுதல் நலம். மீன் குஞ்சுகளை நம்பகமான பண்ணையில் வாங்கி, ரசீதைப் பாதுகாத்து வைக்க வேண்டும். குஞ்சுகள் வந்த தண்ணீரை ஏரியில் கொட்டாமல் கரைக்கு வெளியே கொட்ட வேண்டும். வேற்றூரில் இழுத்த வலையை வெயிலில் நன்றாக உலர்த்திய பிறகே நம் ஏரியில் இறக்க வேண்டும். தூண்டிலுக்குக் கொண்டுவந்த உயிர் மீன் மிஞ்சினால் அதை ஏரியில் விடலாகாது. மீன்பாசிக் குத்தகை ஏலத்தின்போதே இவற்றை நிபந்தனைகளாகச் சேர்த்து, கிராம சபையில் படித்துக் காட்டினால், பின்னர் எவரும் அறியோம் என்று சொல்ல இடமிராது. மீன்கள் இறந்து மிதக்கக் கண்டால், அவற்றை அள்ளி எறிவதோடு நில்லாமல், மீன்வளத் துறையினருக்கு உடனே அறிவிக்க வேண்டும்.

இவற்றுக்குப் பெருஞ்செலவு எதுவும் இல்லை. ஆனால் விதி செய்கிறவர்கள் அமெரிக்க அனுபவத்தின் மறுபக்கத்தையும் மறத்தலாகாது. கட்டுப்பாட்டின் சுமை சிறு வலைக்காரன் ஒருவன் தலையிலேயே விழுந்தால், அவன் இரவில் மறைந்து வலை வீசுவான். விதி காகிதத்தில் மட்டுமே வாழும். அவனையும் சபையில் அமர்த்தி, காரணத்தை எடுத்துரைத்து, அவனால் இயலுவதையும் கேட்டறிந்து வகுக்கும் விதியே நிற்கும். ஓர் ஏரியில் ஆயிரம் வாளிகள் இறங்கும். ஒவ்வொரு வாளிக்கும் ஒரு காவலாளை அமர்த்த எந்த அரசாங்கத்தாலும் முடியாது. வாளியை ஏந்தியவரே அதற்குக் காவலாக நின்றால், ஏரி பிழைக்கும். அதை நம்பிய ஊரும் பிழைக்கும்.