பொய்கை ஒன்று போதும்

அன்பு மகளுக்கு,

'சங்க இலக்கியத்திலும் ஓவியத்திலும் இயற்கை' என்று தலைப்பு வைத்திருப்பதாக எழுதியிருந்தாய். பத்துப் பக்கப் பருவக் கட்டுரைக்கு அது தாங்காது, கண்ணு. ஒரு பொய்கையை மட்டும் எடுத்துக்கொள். நம் மாவட்டத்திலேயே இருக்கிறது, சித்தன்னவாசலில், அறிவர் கோயில் என்னும் சமணக் குடைவரையின் விதான ஓவியத்தில்.

புத்தகத்தைத் திறக்குமுன் அன்னவாசல் பக்கம் ஒரு நடை போய்வா. கழுத்து வலிக்க அண்ணாந்து பார். தாமரை, மீன், பறவை, யானை, பூப்பறிக்கும் மூன்று ஆண்கள். கொம்புள்ள விலங்கும் உண்டு. அதைச் சிலர் எருமை என்கிறார்கள், சிலர் காளை என்கிறார்கள். உன் கண்ணுக்கு எது தெரிகிறதோ அதைக் காரணத்தோடு எழுது. கட்டுரையின் மிக உயிருள்ள பத்தி அங்கேதான் பிறக்கும் என்று நம்புகிறேன்.

பிறகு ஐங்குறுநூற்றை எடு. மருதம் பாடிய ஓரம்போகியாரின் கடைசிப் பத்து, எருமைப் பத்து. அதன் முதற்பாட்டிலேயே எருமைக் கடா பொய்கை ஆம்பலை உழப்புகிறது. மருதத்தின் உரிப்பொருள் ஊடல்; ஆகவே இத்தகைய காட்சிக்குள் தலைவனின் நடத்தை மறைந்திருக்கிறதா என்று உள்ளுறை தேடுவது உரை மரபு. சித்தன்னவாசலில் ஊடல் இல்லை. தீர்த்தங்கரர் அறம் உரைக்கும் சமவசரணத்தை நோக்கிச் செல்லும் அடியார்கள் இறங்கிப் பூக்கொய்யும் பொய்கை அது என்பது ஆய்வாளர் பலரின் விளக்கம். பாட்டில் பூச்சிதைவது அகவாழ்வின் குறிப்பாகலாம். ஓவியத்தில் பூக்கொய்வது வழிபாடு. ஏறக்குறைய ஒரே நீர்நிலை இரண்டு வாழ்க்கையைச் சுமக்கிறது. எங்கே ஒத்திருக்கிறது என்று பட்டியல் போடாதே, ஏன் பிரிகிறது என்று கேள்.

பாட்டைப் பார்த்துத்தான் ஓவியர் தீட்டினார் என்று மட்டும் எழுதிவிடாதே. இடையில் பல நூற்றாண்டு. பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இக்கோயிலைப் புதுப்பித்ததை அங்குள்ள தமிழ்க் கல்வெட்டே சொல்கிறது. காலத்திலும் சமயத்திலும் நெருங்கிய நூல் வேண்டுமென்றால் திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணி இருக்கிறது. நாட்டு வளம் பாடும் பகுதியை மட்டும் படித்தாலும் போதும்.

முதல் ஐந்து பக்கம் பாட்டு, அடுத்த ஐந்து பக்கம் படம் என்று பிரிக்காதே. அப்படி எழுதினால் இரண்டு கட்டுரையாகிவிடும், ஒப்பீடு உன் முடிவுரையில் மட்டும் அவசரமாக எட்டிப்பார்க்கும். நீர், விலங்கு, மனிதர் என்று பொருள்வாரியாகப் போ. ஒவ்வொன்றிலும் இரண்டையும் பேசவை. மனிதர் பகுதியில் நிதானமாக நில். பாட்டில் தோழியோ தலைவனோ யாரோ ஒருவர் பேசுகிறார், யாருடைய கூற்று என்று தெரிந்தால்தான் எருமைக்குப் பொருள் வருகிறது. விதானத்தில் பேசுபவர் எவருமில்லை. கூற்று செய்யும் வேலையை அங்கே இடம் செய்கிறது. தீர்த்தங்கரர் சிற்பங்கள் உள்ள குடைவரையில், தலைக்கு மேலே அந்தப் பொய்கை இருப்பதால்தான் பூப்பறிப்பவர் அடியாராகிறார். இதை யாரும் உனக்குச் சொல்லித்தர முடியாது, அங்கே நின்றால் உனக்கே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் உன் வினாவை மட்டும் ஒரே வாக்கியமாக எழுதி அனுப்பு. தலைப்பைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
பெரியம்மா