லீவில் வரும் பிள்ளை

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை முதன்முறையாக வீட்டுக்கு வரப்போகிறது என்று நித்திரை இல்லாமல் இருக்கும் தாய் தகப்பனுக்கு, படலையில் நின்று பலமுறை வரவேற்று வழியனுப்பிய கிழவி ஒருத்தி சொல்பவை.

1. “ரெண்டு கிழமைதானோ?” என்று வந்த அன்றே கேட்காதீர்கள். முதலாளியிடம் கெஞ்சி லீவு எடுத்து, டிக்கெட்டுக்குக் காசு சேர்த்து வந்த பிள்ளைக்கு அது குற்றப்பத்திரிகை வாசிப்பதுபோல இருக்கும். போர்க்காலத்தில், 2006 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதை மூடப்பட்ட பிறகு, பிள்ளை கொழும்பு வரை வந்தாலும் பாஸ் எடுத்து, கப்பலுக்குக் காத்திருந்து, வெள்ளவத்தை லொட்ஜ் அறையில் போய்ப் பார்த்த பெற்றோர் எங்களுக்குள் இருக்கிறார்கள். சொந்த விறாந்தையில் கிடைக்கும் இரண்டு கிழமை சின்ன விஷயம் இல்லை.

2. இரவுகளை விடாதீர்கள். கனடாவிலிருந்து வரும் பிள்ளைக்கு முதல் சில நாட்கள் இரவில் நித்திரை வராது. ஆவணி மாதம் இங்கே இரவு இரண்டு மணி என்றால், டொரொன்டோவில் முதல்நாள் பின்னேரம் நாலரை. குசினியில் லைட் எரிவது தெரிந்தால் எழும்பிப் போய் பிளேன்டீ ஊற்றுங்கள். வேலை போனது, வீட்டுக் கடன், புருஷன் பெண்சாதிக்குள் மனத்தாங்கல் என்று பகலில் வாயே திறக்காத விஷயங்கள் அப்போதுதான் வெளியே வரும். கேட்டுக்கொண்டிருங்கள். புத்திமதியை விடியும்வரை வைத்திருங்கள். விடிந்ததும் பெரும்பாலும் அது தேவைப்படாது.

3. நல்லூர்த் திருவிழாவுக்கு வருவதென்றால் டிக்கெட் போடும் முன்பே கதையுங்கள். கொடியேறி 25 நாளும் பல வீடுகளில் மச்சம் இல்லை. பிள்ளையோ நண்டுக் கறியை நினைத்துக்கொண்டே விமானம் ஏறும். தீர்த்தம் முடிந்து மூன்று நாளாவது நிற்கும்படி டிக்கெட் போட்டால் தேரும் பார்க்கலாம், மீன் போட்ட ஒடியல் கூழும் குடிக்கலாம்.

4. வான் பிடித்து ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டாதீர்கள். பெரியம்மா வீடு, சித்தப்பா வீடு, மச்சாள் வீடு என்று எல்லா இடத்திலும் ஒரே கேள்விக்கு ஒரே பதில் சொல்லியே லீவு தீர்ந்துவிடும். ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லோரையும் கூப்பிடுங்கள். நடக்க ஏலாத முதியவர்களிடம் மட்டும் நேரே கூட்டிக்கொண்டு போங்கள்.

5. பிள்ளையை விருந்தாளி ஆக்காதீர்கள். தேங்காய் துருவட்டும், வளவு கூட்டட்டும், திருநெல்வேலிச் சந்தைக்குப் போய்க் கத்தரிக்காய் பேரம் பேசட்டும். கூட வேலை செய்யும்போதுதான் கதை வரும். பேரப்பிள்ளை தமிழில் தடக்கினால் சிரிக்காதீர்கள், தாயைக் குறை சொல்லாதீர்கள். கிணற்றடிக்குக் கூட்டிப்போய் வாளியைக் கையில் கொடுங்கள். குளித்து முடிப்பதற்குள் நாலு சொல் தானாக வரும்.

6. காணிக் கதையை முதல் நாளும் எடுக்காதீர்கள், கடைசி இரவுக்கும் தள்ளாதீர்கள். தேசவழமையில் முதுசம் வேறு, சீதனம் வேறு, தேடியதேட்டம் வேறு. பெட்டி கட்டும் நேரத்தில் உறுதியை விரித்தால் சகோதரங்களுக்குள் சண்டைதான் மிஞ்சும். இடையில் ஒரு வேலைநாளில் நொத்தாரிசிடம் சேர்ந்து போங்கள். வருத்தமும் அப்படித்தான். மருந்துத் துண்டுகளை ஒளிக்காதீர்கள். கிளினிக்குக்குக் கூட வந்து டொக்டரிடம் நேரே கேட்டால், அங்கே இருந்து பயப்படுவதில் பாதி பிள்ளைக்குக் குறையும்.

7. பெட்டிக்குப் பல விமானங்களில் 23 கிலோதான். மிளகாய்த்தூள், பனாட்டு, புழுக்கொடியல் எல்லாவற்றையும் முதலே நிறுத்துப் பாருங்கள். கடைசி நேரம் ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்து வைப்பது இரண்டு பக்கத்துக்கும் வேதனை. உடம்பு தாங்கினால் கட்டுநாயக்கா விமான நிலையம் வரை வானில் நீங்களும் ஏறுங்கள். ஏறத்தாழ ஏழெட்டு மணித்தியாலம். அந்த வானுக்குள் விசாரிக்க வரும் சொந்தக்காரர் ஒருவரும் இல்லை.

8. இதுதான் முக்கியம். உங்கள் இருபது வருடக் கதையை எல்லாம் கொட்டி முடிக்கப் பார்க்காதீர்கள். பிள்ளையின் இப்போதைய நாளைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கூட வேலை செய்பவர் பெயர், பக்கத்து வீட்டுக்காரர் பெயர், எத்தனை மணிக்கு எந்த பஸ், பனி கொட்டினால் யார் வழிக்கிறது, பேரனுக்குப் பிடித்த ஆசிரியர் யார். இவ்வளவு காலமும் போனில் “சாப்பிட்டியோ, குளிரோ” என்று இரண்டு கேள்வியோடு முடித்தோம். வந்து போன பிறகு, “உன்னோடு வேலை செய்யிற அந்தப் பிலிப்பீன்ஸ் பிள்ளைக்கு வேலை நிரந்தரமாச்சோ?” என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு கிழமையில் வந்த ஆறுதல் அடுத்த லீவு வரைக்கும் காணும்.