கடலுக்குக் கீழே ஒரு நாடு

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு)

குளச்சல் கடற்கரையில் நிற்கும் வெற்றித் தூணை நம்மில் பலர் பார்த்திருப்பீர்கள். 1741-ஆம் ஆண்டு மார்த்தாண்ட வர்மாவின் படை ஒல்லாந்தரை, அதாவது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையை, அவ்விடத்தில் தோற்கடித்தது. பிடிபட்ட டி லனாய் என்பவர் பின்னர் திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியாகி, இறந்தபின் உதயகிரிக் கோட்டையில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் கல்லறையில் லத்தீனோடு தமிழும் பொறிக்கப்பட்டிருக்கிறது. நம் கரையில் தோற்றுப்போனவர்கள் என்ன பெரிய வீரர்கள் என்று சிறு வயதில் நான் நினைத்ததுண்டு. அந்த எண்ணம் ஷிஃபோல் விமான நிலையத்தில் கால் வைத்த அன்றே கலைந்துபோயிற்று.

ஒன்பதாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு, ஏப்ரல் மாத இறுதியில், எட்டு மாணவியரும் இரண்டு அருட்சகோதரிகளும் நெதர்லாந்து நாட்டுக்குப் புறப்பட்டோம். நம்மோடு கடிதத் தொடர்பு வைத்திருக்கும் ஒரு பள்ளியின் அழைப்பு அது. தங்குமிடமும் உணவும் அவர்கள் பொறுப்பு. பதினோரு நாள்கள். புவியியல் பாடத்துக்கான பயணம் என்பதால் ஒவ்வொரு நாளும் இரவில் குறிப்பு எழுதியே தீரவேண்டும் என்பது சிஸ்டரின் கட்டளை. தூக்கக் கலக்கத்தில் எழுதிய அந்தக் குறிப்புகளே இக்கட்டுரை ஆயின.

விமானம் இறங்கியதும் எங்களை வரவேற்ற ஆசிரியை சொன்ன முதல் செய்தி இதுதான்: "நீங்கள் இப்போது ஓர் ஏரியின் தரையில் நிற்கிறீர்கள்." உண்மைதான். விமான நிலையம் இருக்கும் இடம் ஒரு காலத்தில் ஹார்லம் ஏரி. புயல் நாள்களில் அந்த ஏரி கரையைத் தின்று தின்று பெருத்து, ஆம்ஸ்டர்டாம், லைடன் ஆகிய நகரங்களையே அச்சுறுத்தியது. மூன்று நீராவி எந்திர நிலையங்களை அமைத்து, 1849 முதல் 1852 வரை இரவு பகலாக நீரை இறைத்து அதை வற்றச் செய்தார்கள். இன்று ஓடுபாதை கடல் மட்டத்துக்கு மூன்று மீட்டருக்கும் கீழே இருக்கிறது. மேட்டில் ஊரும் தாழ்வில் கடலுமாகப் பார்த்து வளர்ந்த எனக்கு அன்றிரவு சரியாக உறக்கம் வரவில்லை!

நெதர்லாந்து என்ற பெயருக்குத் 'தாழ்நிலம்' என்றே பொருள். நாம் ஹாலந்து என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் வட ஹாலந்தும் தென் ஹாலந்தும் அங்குள்ள பன்னிரண்டு மாகாணங்களில் இரண்டுதான். நாட்டின் மொத்தப் பரப்பு நம் தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் மக்கள் வாழ்கிறார்கள். நிலத்தில் கால் பங்குக்குச் சற்று அதிகமான பகுதி கடல் மட்டத்துக்குக் கீழே உள்ளது. ஐரோப்பிய நிலப்பகுதியில் அவர்களுடைய மிக உயர்ந்த 'மலை' 322 மீட்டர்! மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்து வளர்ந்த நாங்கள் சிரித்துவிட்டோம். சிஸ்டர் முறைத்தார்கள்.

கிண்டர்டைக் என்னும் ஊரில் 19 காற்றாலைகளைக் கண்டோம். பெரும்பாலானவை 1740-ஆம் ஆண்டையொட்டிக் கட்டப்பட்டவை. காற்றாலை என்றால் மாவு அரைப்பது என்று எண்ணியிருந்தோம். இவை தண்ணீர் இறைக்கும் ஆலைகள். தாழ்ந்த வயலின் நீரை ஒரு வாய்க்காலுக்கும், அங்கிருந்து அதைவிட உயர்ந்த வாய்க்காலுக்கும், கடைசியில் ஆற்றுக்கும் படிப்படியாக ஏற்றிவிடுவதே இவற்றின் வேலை. இப்போது அந்த வேலையைப் பெரிய திருகு எந்திரங்கள் செய்கின்றன. இப்படிச் சுற்றிலும் கரை எழுப்பி நீர் வடித்த நிலத்துக்குப் 'போல்டர்' என்று பெயர்.

இங்கேதான் நான் அறியாத ஒன்றைக் கற்றேன். அந்நிலத்தின் பெரும்பகுதி கரிமண், அதாவது செடிகொடிகள் மட்கி உண்டான மண். நீரை வடித்தால் அது காய்ந்து சுருங்கி அமுங்கிவிடும். நிலம் அமுங்கினால் மறுபடியும் நீர் ஏறும். மறுபடியும் வடித்தால் மறுபடியும் அமுங்கும். பல நூற்றாண்டுகளாக இதே கதை. வயல் தாழத் தாழக் கோதுமை விளையாமல் போயிற்று. ஈரத்திலும் புல் வளரும் அல்லவா? ஆகவே மாடு வளர்த்தார்கள். மாட்டிலிருந்து பால், பாலிலிருந்து பாலாடைக்கட்டி. உலகமெங்கும் போகும் டச்சுப் பாலாடைக்கட்டிக்கு மூலகாரணம் நிலம் அமுங்கியதுதான் என்று அறிந்தபோது, புவியியலும் பொருளாதாரமும் ஒரே பாடம் என்று தோன்றியது. அல்க்மார் நகரில் வெள்ளிக்கிழமைச் சந்தையையும் பார்த்தோம். வண்ண நாடா கட்டிய வைக்கோல் தொப்பியும் வெள்ளை உடையும் அணிந்த சுமைகாரர்கள், இருவர் இருவராக, உருண்டையான மஞ்சள் கட்டிகளைத் தூக்குபலகையில் வைத்து ஓட்டமும் நடையுமாகக் கொண்டுபோகிறார்கள். அவர்களுடைய சங்கம் 1593-ஆம் ஆண்டு முதல் இருக்கிறதாம்.

நிலமெல்லாம் நீரின் தயவில் இருப்பதால் அதைக் கவனிக்கத் தனி ஆட்சியே உண்டு. 'நீர் வாரியங்கள்' என்று சொல்லலாம். இப்போது 21 உள்ளன. சிலவற்றின் வரலாறு பதின்மூன்றாம் நூற்றாண்டுக்குப் போகிறது. இவற்றுக்கு மக்களே தேர்தலில் வாக்களிக்கிறார்கள். தனி வரியும் கட்டுகிறார்கள்.

அதிகாலையில் ஆல்ஸ்மீரில் பூ ஏலம் பார்த்தோம். நம் கடற்கரையில் மீன் ஏலம் ஒரு விலையில் தொடங்கி ஏறிக்கொண்டே போகும். அங்கோ தலைகீழ்! உயர்ந்த விலையில் தொடங்கி, கடிகார முள் போல விலை இறங்கிக்கொண்டே வரும். எவர் முதலில் பொத்தானை அழுத்துகிறாரோ அவருக்கே சரக்கு. பொறுத்திருந்தால் விலை குறையும், அதிகம் பொறுத்தால் பூ பிறர் கைக்குப் போய்விடும். இப்போது வாங்குவோர் பெரும்பாலும் தத்தம் இடத்திலிருந்தே கணினி வழியாக அழுத்துகிறார்கள். கீழே கூச்சல் ஒன்றும் இல்லை. பூ வண்டிகள் மட்டும் தொடர்வண்டி போல நீள நீளமாக ஓடிக்கொண்டிருந்தன. கென்யா, எத்தியோப்பியா நாடுகளின் ரோஜாக்கள்கூட இங்கு வந்து விலையாகின்றன. டுலிப் மலரும் அந்நாட்டுக்குச் சொந்தமானதல்ல, துருக்கியிலிருந்து வந்தது. அதன் கிழங்குக்கு வீட்டு விலை பேசிச் சூதாடியவர்கள் 1637-ஆம் ஆண்டில் கைசுட்டுக்கொண்ட கதையை நம் பொருளியல் ஆசிரியையிடம் கேளுங்கள், சுவையாகச் சொல்வார்கள். ராட்டர்டாம் ஐரோப்பாவின் மிகப்பெரிய துறைமுகம். ஆனால் நாங்கள் போன அன்று மழை. பேருந்துக் கண்ணாடி வழியாகப் பளுதூக்கிகளை மட்டுமே கண்டோம்.

ஏப்ரல் 27 மன்னரின் பிறந்த நாள். ஊரே ஆரஞ்சு நிறத்தில் திரண்டது. அரச குடும்பத்தின் பெயரே ஆரஞ்சுதானே! அன்று சிறுவர் சிறுமியர் தெருவில் விரிப்பு விரித்துத் தம் பழைய பொம்மைகளை விற்கிறார்கள். நான் 50 சென்ட் கொடுத்து ஒரு மரப்படகு வாங்கினேன். உணவைப் பற்றிக் கேட்கிறீர்களா? காலையில் ரொட்டியின்மேல் சாக்லேட் தூள் தூவித் தின்கிறார்கள். உப்பிட்ட ஹெர்ரிங் மீனைச் சமைக்காமல் வெங்காயத்தோடு உண்கிறார்கள். நம் ஊரில் அந்த உரிமை பூனைக்கு மட்டுமே! சிஸ்டர் கும்பிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். மீனவர் மகள் என்பதால் தோழியர் என்னை முன்னே தள்ளினார்கள். தின்றேன். மோசமில்லை.

இனி நான் சொல்ல வந்த செய்திக்கு வருகிறேன். அந்நாட்டின் நடுவே ஸௌடர் ஸே என்ற உள்கடல் இருந்தது. 1916-இல் அது பொங்கிப் பெருஞ்சேதம் விளைத்தது. கொர்னேலிஸ் லேலி என்ற பொறியாளரின் திட்டப்படி 1918-இல் சட்டம் இயற்றி, 32 கி.மீ. நீள அணையால் 1932 மே 28 அன்று கடலின் வாயை அடைத்துவிட்டார்கள். அந்த அணையின்மேல் நின்றபோது ஒரு பக்கம் உப்பு நீர், மறு பக்கம் நன்னீர். எங்களுடன் வந்த பெண்கள் பெருமையோடு படம் எடுத்தார்கள். பெருமைப்பட வேண்டிய வேலைதான். பின்னர் அந்த ஏரியிலிருந்து மீட்ட நிலத்தில் 1986-இல் ஃபிளேவோலந்து என்ற புது மாகாணமே பிறந்தது.

ஆனால் உள்ளே மீன் பிடித்தவர்கள்? உப்பு நீர் நன்னீரானதும் ஹெர்ரிங்கும், நாம் நெத்திலி என்கிற மீனும் இல்லாமற்போயின. மீனவருக்கு உதவ 1925-லேயே ஒரு சட்டம் செய்திருந்தார்கள். எனினும் பணம் வேறு, கடல் வேறு அல்லவா? அடுத்த நாள் உர்க் என்ற ஊருக்குப் போனோம். அது தீவாக இருந்த மீனவர் ஊர். 1939-இல் கரையோடு இணைந்தது. சில ஆண்டுகளில் அதன் ஒரு புறமெல்லாம் வயலாகிவிட்டது. ஆயினும் உர்க் மக்கள் தொழிலை விடவில்லை. பெரிய படகுகளோடு வடகடலுக்குப் போனார்கள், இன்றும் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கே எந்தப் படகும் கடலுக்குப் போகாது. அவர்கள் வேறு சபையினர். ஆனால் எங்கள் ஊரிலும் ஞாயிறன்று வள்ளம் இறங்குவதில்லை என்று நான் சொன்னபோது, வழிகாட்டிய பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அங்கே கரையில் ஒரு பெண் சிலை கடல்புறம் திரும்பிப் பார்த்து நிற்கிறது. சுற்றிலும் பலகைக் கற்களில், கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்கள். மொழி தெரியாவிட்டாலும் படிக்க முடிந்தது. ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து வரும் இடங்களில் யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. எங்கள் கோயில் முற்றத்திலும் ஒரு கல் உண்டு. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலில் போனவர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. ஐந்தாவது பெயர் என் தாய்மாமனுடையது. நான் அங்கே நின்றுவிட்டேன். சிஸ்டர் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

பயணத்தின் கடைசியில் தென்மேற்கே ஸேலாந்து மாகாணம். 1953 ஜனவரி 31 இரவு, புயலும் உயரலையும் சேர்ந்து கரைகளை உடைத்தன. 1,836 பேர் மாண்டார்கள். கரையின் கடைசி உடைப்பை அடைக்க இறக்கிய நான்கு பெரிய கான்கிரீட் பெட்டிகளுக்குள்ளேயே இன்று அந்த வெள்ளத்தின் காட்சியகம் இருக்கிறது. இனி ஒருபோதும் நேரக்கூடாது என்று 1958-இல் சட்டம் செய்து, கடல்வாய்களை ஒவ்வொன்றாக அடைத்துவந்தார்கள். கிழக்கு ஸ்கெல்ட் என்ற வாயையும் முற்றாக அடைப்பதே திட்டம்.

அப்போது இயர்செக்கே ஊரின் சிப்பி வளர்ப்போரும் மீனவரும் எதிர்த்தார்கள். கடல் நீர் ஏறி இறங்காவிட்டால் சிப்பி ஏது? இயற்கையை நேசிப்போரும் அவர்களுடன் சேர்ந்தார்கள். வெள்ளத்தில் உறவினரை இழந்தோர் பலர், அடைத்தே தீரவேண்டும் என்றார்கள். யார் பக்கம் நியாயம் என்று எங்கள் அறையில் நள்ளிரவு வரை வாதாடினோம். முடிவில் 1976-இல் திட்டம் மாற்றப்பட்டது. அடைப்பதற்குப் பதிலாக 62 எஃகு மதகுகள். செலவு மிக அதிகம், 1986-இல் முடிந்தது. மதகுகள் எப்போதும் திறந்தே இருக்கும். கடல் 3 மீட்டர் உயரும் என்று தெரிந்தால் மட்டும் மூடுவார்கள். கீழே கடல் சுழித்து உள்ளே போவதை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்மை ஆண்டுகளில், 1932-இல் அடைத்த பழைய அணையிலும் மீன்கள் போய்வர ஒரு வழி அமைக்கும் வேலையைத் தொடங்கியிருக்கிறார்கள்.

எங்கள் ஊரில் ஆனி, ஆடி மாதங்களில் அலை வீட்டு வாசலுக்கு வரும். தூண்டில் வளைவு வேண்டும் என்று பெரியவர்கள் மனுக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். ஓர் ஊருக்கு வளைவு போட்டால் அடுத்த ஊர் மணல் போகிறது என்ற சண்டையும் உண்டு. ஆகவே திரும்பி வந்த அன்று மாலை, அப்பா வலை பின்னிக்கொண்டிருந்த இடத்தில் அமர்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மரப்படகைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி கேட்டார்.

"மதகு மூடிக் கிடந்தா வெளிய போன படகு எப்படி உள்ள வரும்?"

படகுகளுக்கென்று ஓரத்தில் தனிப் பூட்டுவாய் இருக்கிறது என்றேன். தலையசைத்தார்.

"அடைக்கணும்னு முடிவு செய்யதுக்கு முன்னால மீன்பிடிக்காரங்ககிட்ட கேட்டாங்களா, மக்களே?"

"முதல்ல கேட்கல்ல. அவங்க போராடின பிறகுதான் மாத்தினாங்க."

"எத்தனை வருஷம் ஆச்சு?"

நான் குறிப்பேட்டை எடுத்து 1976-இலிருந்து 1958-ஐக் கழித்தேன்.

"பதினெட்டு" என்றேன்.

அப்பா படகை என்னிடம் கொடுத்துவிட்டு, விட்ட கண்ணியிலிருந்து மறுபடியும் வலையைப் பின்னத் தொடங்கினார்.